மேல்மலையில் பாகு காய்ச்சுவது

(கிளாவரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஊர் ஊராகக் கடந்து வந்தால் மேல்மலையின் கோடியில் இருக்கிறது உங்கள் கிளாவரை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை. இனிப்புச் சமையலைப் பற்றிப் பேச இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று உடன் வந்தவர்கள் வழியில் கேட்டார்கள். இனிப்புச் சமையலில் நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிற செய்தி ஒன்று, சமவெளியில் சொன்னால் பாதிதான் விளங்கும். இந்த உயரத்தில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு அது முழுதும் விளங்கும். அதனால்தான் இங்கே பேச வேண்டும் என்று நானே கேட்டு வாங்கி வந்தேன்.

நான் சமையல் சொல்லிக்கொடுப்பவள். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதல் நாளே இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். உங்களுக்கு மிகவும் பிடித்த இனிப்பு எது? சமையலில் எந்தக் கைப்பக்குவம் வந்துவிட்டால் போதும் என்று ஆசைப்படுகிறீர்கள்?

முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் ஆள் எந்த ஊர் என்று ஓரளவு தெரிந்துவிடும். திருநெல்வேலிக்காரர்கள் அல்வாவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்றால் பால்கோவா. கோவில்பட்டிக்காரர்கள் கடலைமிட்டாய் என்பார்கள். காரைக்குடி ஆச்சிமார் கந்தரப்பம், கவுனி அரிசி என்பார்கள். கொங்குநாட்டில் ஒப்பிட்டு, மற்ற ஊர்களில் அதற்குப் போளி என்று பெயர். பழனியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பஞ்சாமிர்தத்தைச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல உரிமையோடு பேசுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எந்த ஊரானாலும் சாக்லேட், கேக், ஐஸ்கிரீம். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாக்கு சின்ன வயதில் எதற்குப் பழகியதோ அதையே கடைசிவரை தேடும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேக்கின்மேல் கிரீமில் பூ வைக்கக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் அடுப்படியில் நின்ற பெண்களைக் கேளுங்கள். "எல்லாம் வருது, பாகு மட்டும் பிடிபட மாட்டேங்குது" என்பார்கள். நூறு பேருக்குப் பிரியாணி இறக்குவார்கள். ஒரு படி அரிசிக்கு அதிரசப் பாகு வைக்கச் சொன்னால் தயங்குவார்கள். தீபாவளிக்கு அதிரசம் கடையிலிருந்து வந்துவிடும். ஆசை எல்லாம் பாகில் முடியும் பண்டங்களின்மேல் இருக்கிறது. பயமும் அதே பாகின்மேல் இருக்கிறது. இன்றைய பேச்சு அந்தப் பயத்தைப் பற்றித்தான்.

நம் இனிப்புகளில் பாதிக்குமேல் பாகை நம்பி இருக்கின்றன. ஒரே வெல்லம், ஒரே உருளி, ஒரே தீ. கம்பிப் பதத்தில் இறக்கினால் ஒரு வகைப் பண்டத்துக்கு ஆகும். இன்னும் சற்றுக் கொதிக்கவிட்டு, தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் தக்காளிப் பதத்தில் இறக்கினால் அதிரசம். அதையும் தாண்டி, உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும் பதத்தில் பொரி உருண்டையும் பொருள்விளங்காய் உருண்டையும் கடலைமிட்டாயும். இந்தப் பதங்களுக்கு நடுவே இருப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் அடுப்பை விட்டுக் கண்ணை எடுத்தவர்களுக்கு அதிரசம் உதிரும், அல்லது கல்லாகும். இது நேற்று வந்த வித்தையும் அல்ல. பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் கூவியர் என்ற அப்ப வணிகர்கள் வருகிறார்கள். பாகோடு சேர்த்துச் செய்த பண்டத்தை விற்றவர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாக ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு வந்த பக்குவம் இது.

பதம் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரை தங்குகிறது. தண்ணீர் குறையக் குறையப் பாகு கெட்டிப்படுகிறது, அது கொதிக்கும் சூடும் ஏறிக்கொண்டே போகிறது. வெள்ளைச் சர்க்கரைக்கு அளந்து வைத்த கணக்குப்படி, கடற்கரை ஊரில் கம்பிப் பதம் 106 டிகிரி செல்சியஸ் முதல் 112 வரை. அப்போது நூறு பங்கு பாகில் ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரை. மெத்தென்று உருளும் பதம் 112 முதல் 116 வரை. சர்க்கரை 85 பங்கு. நொறுங்கும் பதம் 146க்கு மேல். அங்கே தண்ணீர் ஒரு பங்குதான் மிச்சம். வெல்லத்தில் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். பாகின் பதம் என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதுதான். சூடு அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

இப்போது உங்கள் மலைக்கு வருகிறேன்.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கொடைக்கானலில் 93ஐ ஒட்டியே கொதித்துவிடுகிறது. கிளாவரையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேல்மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வீர்களே, காரணம் இதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் அதன் சூடு குறைவு. குக்கரில் வைத்தாலும் சமவெளி அளவுக்குச் சூடு ஏறாது. ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டியிருக்கிறது. ஒப்பிட்டுக்குக் கடலைப்பருப்பு வேகவைக்கும்போது இதை நீங்கள் சொல்லாமலே செய்கிறீர்கள்.

பாகுக்கும் இதே கணக்கு. ஏழு டிகிரி கீழே கொதிக்கத் தொடங்குவதால் ஒவ்வொரு பதமும் ஏழு டிகிரி கீழேயே வந்துவிடும். கடையில் விற்கிற சர்க்கரைத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்து, புத்தகத்தில் போட்டபடி 114 டிகிரி வரட்டும் என்று இங்கே ஒருவர் காத்திருந்தால், அந்தப் பாகு சமவெளியில் 121 டிகிரியில் இருக்கும் பாகுக்குச் சமம். உருட்டினால் கெட்டியாக நிற்கும். அதில் மாவைக் கொட்டினால் அதிரசத்தைப் பல்லால் உடைக்க வேண்டிவரும். செய்தவர் தன் கைராசியை நொந்துகொள்வார். உண்மையில் கையில் குற்றமில்லை. அந்தப் புத்தகம் வேறு உயரத்துக்காக எழுதப்பட்டது.

புத்தகங்களை நான் குறைத்துப் பேசவில்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். அம்மாவையும் மாமியாரையும் விட்டுத் தூர ஊருக்குக் குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்தப் புத்தகம் துணை நின்றது. அளவுகள், முறை, வரிசை எல்லாவற்றையும் எழுத்தில் தந்தவர் அவர். ஆனால் எந்தப் புத்தகமும் படிக்கிறவருடைய அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்காது. அதைக் கேட்காமலே சரியாகச் சொல்கிற கருவி உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது: ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர்.

பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்க்கிறோம். அந்தச் சோதனை சூட்டை அளப்பதில்லை. பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரை நேராக அளக்கிறது. அதனால் கன்னியாகுமரியிலும் கிளாவரையிலும் அதற்கு ஒரே பதில்தான். உயரம் மாறினாலும், மழை பெய்தாலும், வெல்லம் மாறினாலும் விரல் சொல்வது மாறாது. பாட்டிகள் கருவி இல்லாததால் விரலை நம்பினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த வேலைக்கு விரல்தான் சிறந்த கருவி.

இன்று காலை உங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அதிரசத்துக்கு எத்தனை நிமிடம் பாகைக் கொதிக்க விடுவீர்கள் ஆத்தா என்று கேட்டேன். "நிமிசமா? அதெல்லாம் யாரு பாத்தா தாயி. மழைன்னா ஒரு மாதிரி, வெயில்னா ஒரு மாதிரி. அது திரண்டு வந்தா இறக்கிருவேன்" என்றார். விறகு ஈரமாக இருந்தால் தீ எப்படித் தணியும், வெல்லம் புதிதா பழையதா என்று நுரையைப் பார்த்தே எப்படித் தெரியும் என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். எந்தச் சமையல் கல்லூரியிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

மலை வேறு சில வேலைகளையும் மாற்றுகிறது. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் நிலையில் இடிக்க வேண்டும். கீழே ஒரு மணி நேரத்தில் வருகிற அந்த நிலை, பனிமூட்டம் கவிந்த ஐப்பசியில் இங்கே அரை நாள் ஆனாலும் வராது. அடுப்புச் சூடு படும் இடத்தில் துணி விரிப்பதே வழி. பாகில் கிளறிய மாவு ஊற வேண்டிய நாளும் குளிரில் நீளும். பொரி உருண்டை, கடலைமிட்டாய்க்குப் பகை ஈரக்காற்று. சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெல்லம் இன்னும் அதிகமாக இழுக்கும். மழைக்காலத்தில் வெல்லம் வைத்த பானை கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மழைநாளில் பாகை ஒரு பிடி கூடுதலாக முற்றவிட்டு, ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரிசல் வெயிலில் வரும் மொறுமொறுப்பை மேல்மலை மூட்டத்தில் காப்பாற்றுவது தனிக் கைவேலை. அதைச் செய்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தைத் தேடி வாங்காதீர்கள். நிறம் வெளுக்க ரசாயனம் போடுவதும், எடை கூட்ட வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் பிடித்த செய்திகளும் வருகின்றன. வெள்ளைச் சர்க்கரை கலந்த வெல்லம் பாகில் பூத்துப் போய்விடும், மணல்போல் நறநறக்கும். நல்ல கரும்பு வெல்லத்தில் இயற்கையாகவே வேறு வகைச் சர்க்கரைகளும் கொஞ்சம் இருப்பதால் அது பூக்காமல் இழையும். வெள்ளைச் சர்க்கரைப் பாகுக்கு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதுவும் பூக்காமல் இருக்கத்தான். மலைக்கு அந்தப் பக்கம் மறையூரில் காய்ச்சும் கருத்த வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு தந்தார்கள். கருப்பு நிறம் குறை அல்ல என்பதற்கு அந்த வெல்லம் போதும்.

பழனிமலைத் தொடரின் இனிப்பு என்று உலகம் அறிந்தது பஞ்சாமிர்தம். அதில் பாகே இல்லை. அடுப்பும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். கூடவே பேரீச்சையும் கற்கண்டும். அப்படியானால் இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. விருப்பாச்சி மலைவாழையில் மற்ற வாழைகளைவிட நீர் குறைவு. அந்தப் பழத்தோடு சர்க்கரை சேரும்போது, இருக்கும் கொஞ்ச நீரையும் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. கெடுக்கிற கிருமிகளுக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. பாகில் நெருப்பு செய்கிற வேலையை இங்கே பழத்தைத் தேர்ந்தெடுக்கிறவரின் கண்ணும் கையும் செய்கின்றன. பழம் காயாக இருந்தால் துவர்க்கும். கனிந்து உடைந்தால் நீர்த்துவிடும். ஈரக் கையோ ஈரக் கரண்டியோ பட்டால் புளித்துவிடும். தேன் கடைசியில். வீட்டில் செய்கிறவர்கள் பழத்தை மிக்ஸியில் போட்டு அடித்துக் கூழாக்குவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து கையால் பிசையுங்கள். பழத்தின் நார் நாக்கில் தெரிவதுதான் அதன் சுவை.

நாட்டுச்சர்க்கரை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஏலத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பழனிக் கோயிலுக்கு வருகிறது. தைப்பூசம் முடிந்ததும் எடப்பாடிப் பக்தர்கள் காவடியோடு நடந்து வந்து, மலையிலேயே இரவு தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். கோயில் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆனால் இந்தப் பெருமைக்கு அடியில் ஒரு கவலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். மலைவாழை வளர்வது கீழ்மலையில்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே. 1970களில் 18,000 எக்டேர் இருந்த மலைவாழை 2,000 எக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. அழித்தது முடிக்கொத்து நோய் என்ற வைரஸ். அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்புகிறது; நோய் கண்ட தாய்மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நட்டால் நோயும் கூடவே போகிறது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தடியன்குடிசையில் நிலையம் வைத்திருக்கும் வேளாண் பல்கலைக்கழகமும் நோயில்லாத திசுவளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு வாழையை மீட்கப் பாடுபட்டன. பழம் போனால் பஞ்சாமிர்தத்தின் பக்குவம் யாருக்குத் தெரிந்தும் பயனில்லை. இனிப்பை விரும்புகிறவர்கள் அதன் தோட்டத்தைப் பற்றியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கீழ்மலைக்கு வாழை. மேல்மலையான உங்களுக்கு என்ன? பூண்டு.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, இனிப்பில்தான் சொல்கிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அதே 2019இல்தான் புவிசார் குறியீடு. நீங்கள் விளைவித்துப் புகையில் காயவைத்து வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பும் பூண்டைத் தமிழ்நாடு முழுக்க மருந்துக்கென்று தேடி வாங்குகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு லேகியமும், சளி பிடித்தவருக்குப் பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட பூண்டுப்பாலும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இதை நீங்கள் மருந்தாகவே பார்க்கிறீர்கள். நான் இதை ஒரு முழுமையான இனிப்புப் பலகாரமாகப் பார்க்கிறேன்.

காரமான பூண்டு எப்படி இனிப்பாகிறது? பூண்டுப்பல் முழுதாக இருக்கும்வரை அதில் காரம் கிடையாது. நசுக்கும்போதும் அரியும்போதும்தான் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்து, அல்லிசின் என்ற காரப்பொருள் உண்டாகிறது. அந்த இரண்டில் ஒன்று ஒரு நொதி. முழுப்பல்லை அப்படியே கொதிக்கும் பாலில் போட்டால் அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும். பிறகு எவ்வளவு மசித்தாலும் காரம் வராது. வெண்ணெய்போல் வெந்து, தித்திப்பாகவே இருக்கும். முதலில் தட்டிவிட்டு வேகவைத்தால் காரம் பாலில் இறங்கிவிடும். சமைக்கிற வரிசையில் உள்ள இந்த ஒரு மாற்றம்தான் லேகியத்தைப் பிள்ளைகள் துப்புவதற்கும் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு.

எனவே முழுப்பற்களைப் பாலில் குழைய வேகவையுங்கள். மசித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, மசியலை அதில் போட்டுச் சிறுதீயில் கிளறுங்கள். சுக்குத்தூள், கொஞ்சம் மிளகு. நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குங்கள். குளிருக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரியாது. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். மேல்மலைப் பூண்டில் செய்த லேகிய அல்வா ஒரு டப்பா அந்தக் கடைகளில் இருக்க வேண்டும். அதைச் செய்து விற்க வேண்டியவர்கள் பூண்டு விளைவிக்கிற நீங்கள்தான்.

கேரட்டும் உங்களிடம் உண்டு. கேரட் அல்வாவுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: துருவிய கேரட்டை முதலில் நெய்யில் வதக்கி, பாலில் வேகவைத்து, பால் முழுதும் சுண்டிய பிறகே சர்க்கரை போடுங்கள். முன்கூட்டிச் சர்க்கரை போட்டால் கேரட் விறைத்துக்கொள்ளும், மேலும் வேகாது.

இனி, கேக் செய்யக் கற்க வேண்டும் என்று மதியம் என்னிடம் வந்து கேட்ட தங்கைகளுக்கு. இந்தப் பழனிமலையில் கேக் சுடும் பழக்கம் பழையது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியதும், 1901இல் அங்கே அவர்கள் பள்ளி தொடங்கியதும் அதற்கு வழிவிட்டன. செல்போனில் பார்த்து அளவு மாறாமல் செய்தும் கேக் நடுவில் குழிந்துவிடுகிறது என்றீர்கள். அதற்கும் காரணம் உயரம்தான். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் கேக் உப்பி, தாங்க முடியாமல் அமுங்கிவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் குறையுங்கள், சர்க்கரையைக் கொஞ்சம் குறையுங்கள், ஈரம் சீக்கிரம் வற்றுவதால் பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள், சூட்டைச் சற்று ஏற்றுங்கள். உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பாட்டி பாகில் செய்வதும் இதே வேலைதான்.

இவ்வளவு இனிப்பைப் பேசிவிட்டுச் சர்க்கரை நோயைப் பேசாமல் போவது முறையல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் இந்த நோய்க்கு விலக்கல்ல; எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நோயுள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் நில்லுங்கள். மற்றவர்களுக்கும் என் ஆலோசனை, கடையில் தினமும் வாங்கித் தின்னும் இனிப்பை விட்டுவிட்டு, பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் வீட்டில் காய்ச்சுங்கள். அதிரசம் செய்ய மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாள்தான் அது நல்ல நாளுக்கு மட்டும் உரியதாக இருந்ததற்குக் காரணம்.

கடைசியாக, யார் கற்க வேண்டும் என்பது பற்றி. கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளைகள் ஆண்கள். பெரிய மிட்டாய்க் கடைகளில் பாகு காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூலி வாங்கும்போது ஆண் செய்கிற வேலை, வீட்டுக்குள் வந்ததும் பெண்ணின் பொறுப்பு மட்டும் ஆகிவிடுவது நியாயமில்லை. உங்கள் பையன்கள் படிப்புக்கும் வேலைக்கும் மதுரை, கோவை, திருப்பூர் என்று போகிறார்கள். பண்டிகைக்கு ஊர் வர முடியாத வருடம் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?

எனக்கு உங்களிடம் இரண்டு வேண்டுகோள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டில் உங்கள் வீட்டுப் பாட்டியும் அம்மாவும் பாகு காய்ச்சுவதைப் பார்த்து எழுதுங்கள். எந்த மாதம், மழையா வெயிலா, எந்த ஊர் வெல்லம், தண்ணீரில் விட்டபோது எப்படித் திரண்டது, மாவு எத்தனை நாள் ஊறியது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்து மேல்மலைக்கென்று ஒரு சமையல் புத்தகம் இல்லை. அதை நீங்கள்தான் எழுத முடியும்.

பெற்றவர்களுக்கு இரண்டாவது வேண்டுகோள். வரும் தீபாவளிக்கு அதிரச மாவு கிளறும் ஒவ்வொரு வீட்டிலும், பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளை ஒன்றை, ஆணோ பெண்ணோ, அடுப்பருகே நிறுத்துங்கள். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் கரண்டியை நீங்கள் பிடியுங்கள், பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் விழுந்து ஆறிய பாகை மட்டும் அந்தப் பிள்ளையின் விரல் திரட்டிப் பார்க்கட்டும். இறக்கலாமா என்று அதனிடமே கேளுங்கள்.